ஒரு முட்டி என்ன விலை?

ரொம்ப நாளா இந்தப் பக்கம் எட்டிப் பார்க்கலை. ஆபீஸில் ஆணி அதிகம். ஆனா இதை எழுதாம விட்டா தூக்கம் வராதுன்னு ஆகிப்போச்சு. கொஞ்சம் நீளமான பதிவு. ஒரு டீ போட்டு எடுத்துக்கிட்டு உட்காருங்க. எங்க ஊர்ச் சரக்கா இருந்தா ரொம்ப நல்லது :-)

2025 செப்டம்பர் மாசம் ஒரு சனிக்கிழமை. கொலம்பஸ் நகரத்துல அன்னைக்கு ஓஹியோ ஸ்டேட் யுனிவர்சிட்டி மேட்ச். இந்த ஊர்ல அந்த மாதிரி சனிக்கிழமைன்னா கல்யாண வீடு மாதிரி. கடைக்குப் போனா சிவப்புச் சட்டை, பெட்ரோல் போடப் போனா சிவப்புச் சட்டை, நாய்க்குட்டிக்குக்கூட சிவப்புச் சட்டை. ஸ்டேடியத்துல ஒரு லட்சத்து ரெண்டாயிரம் பேருக்கு மேல உட்காரலாம். அதே நேரத்துல இந்தப் பக்கம் ஒரு ஸ்கூல் மைதானத்துல எங்க பொண்ணு சாக்கர் ஆடிட்டு இருந்தா. பார்க்க வந்தவங்க மொத்தம் நாப்பது பேர் இருப்போம், எல்லாரும் அப்பா அம்மாக்கள்.

யாரும் அவளை இடிக்கலை. பந்தைத் துரத்திட்டுப் போனவ சட்டுன்னு திரும்பினா, அப்படியே உட்கார்ந்துட்டா. 'டப்'புன்னு ஒரு சத்தம் கேட்டுச்சுப்பான்னு அப்புறம் சொன்னா. அந்த வார்த்தையைக் கேட்டதுமே எனக்கு வயித்துல என்னவோ பண்ணுச்சு. இதே சத்தத்தைப் பத்தி நான் முன்னாடியே கேட்டிருக்கேன்.

ஏ.சி.எல்.னு சொல்வாங்க. முட்டிக்குள்ள தொடை எலும்பையும் கால் எலும்பையும் இழுத்துப் பிடிச்சிருக்கிற ஒரு நார். அது கிழிஞ்சு போச்சு. நாலு நாள்ல ஸ்கேன், மூணு வாரத்துல ஆபரேஷன், அதுக்கப்புறம் வாரம் ரெண்டு தடவை பிசியோதெரபி. ஒன்பது மாசத்துல திரும்ப ஆடலாம்னு டாக்டர் சாதாரணமா சொல்லிட்டுப் போயிட்டார். ஆஸ்பத்திரி பில்லில் இருந்த தொகையைப் பார்த்து தங்கமணிக்குத் தலை சுத்திடுச்சு. இன்சூரன்ஸ் கழிச்சு நாங்க கட்டினது அதுல பத்துல ஒரு பங்குகூட இல்லை.

அன்னைக்கு ராத்திரி ஊருக்குப் போன் பண்ணினேன். அண்ணன் எடுத்தார். விஷயத்தைச் சொன்னேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம், "எந்தக் காலுடா?"ன்னார்.

"எடதுண்ணே."

"எனக்கும் எடதுதான்"னார்.

கொசுவர்த்தியைச் சுத்தி விடுறேன். கொஞ்சம் பின்னால போயிட்டு வரலாம்.

எங்க ஊர் மூணாறு. மூணாறுன்னா நீங்க ஹனிமூனுக்குப் போன மூணாறு இல்லை. மேல எஸ்டேட்டுல, லயத்து வீட்ல வளர்ந்த ஆளு நான். அம்மா கொழுந்து கிள்ளுறவங்க, அப்பா கவ்வாத்து வேலை. தாத்தா காலத்துல திருநெல்வேலிப் பக்கமிருந்து கங்காணி கூட்டிட்டு வந்த குடும்பம். கேரளா மண்ணுதான், ஆனா லயத்துல பேச்சு முழுக்கத் தமிழ். ஸ்கூல்ல மலையாளத்துல பேர் எழுதுவோம், வீட்ல தமிழ்ல திட்டு வாங்குவோம்.

எங்க ஊருக்குப் பெரிய நாள்னா தீபாவளி, மாரியம்மன் திருவிழா, அப்புறம் பின்லே கப். தேயிலைக் கம்பெனியோட எஸ்டேட்டுகளுக்குள்ள நடக்குற ஃபுட்பால் போட்டி அது. 1940கள்ல வெள்ளைக்காரத் துரைமார் காலத்துல ஆரம்பிச்சது. ஜேம்ஸ் பின்லேங்கிற ஸ்காட்லாந்துக் கம்பெனி பேர்ல கப். 1964-ல டாடா கூடச் சேர்ந்தாங்க. 1983-ல டாடா டீ ஆச்சு. 2005-ல தொழிலாளிகளையும் பங்குதாரரா சேர்த்துக்கிட்டு கண்ணன் தேவன் ஹில்ஸ் பிளாண்டேஷன்ஸ்னு புதுக் கம்பெனி வந்துச்சு. முதலாளி மாறினாங்க, கப்போட பேர் மாறலை. சொக்கநாடு, குண்டுமலை, செவன்மலை, நல்லதண்ணி, மாட்டுப்பெட்டின்னு ஒவ்வொரு எஸ்டேட்டுக்கும் ஒரு டீம். காலைல பெரட்டுக்களத்துல பேர் குடுத்து வேலைக்குப் போறவன்தான் சாயங்காலம் பந்து ஆடுவான். ஃபைனல் அன்னைக்கு பழைய மூணாறு மைதானத்தைச் சுத்தி மேட்டுல, மரத்துல, லாரி மேலன்னு ஜனம் தொங்கும். அங்க ஜெயிச்சா என்ன கிடைக்கும்? கப் கிடைக்கும், ஒரு வருஷத்துக்கு மரியாதை கிடைக்கும். வேற காசு பணம்னு பெருசா எதுவும் எனக்கு ஞாபகம் இல்லை.

எங்க அண்ணன் பதினாறு வயசுலயே எஸ்டேட் டீம்ல ஆடினவர். லெஃப்ட் விங். மழையில, மூடுபனியில, எதிர்ல ஆள் தெரியாத நேரத்துலகூட பந்து அவர் கால்ல ஒட்டிட்டு வரும். ஒருநாள் மேட்ச் பார்த்த கம்பெனி ஸ்டாஃப் ஒருத்தர் அப்பாகிட்ட சொன்னார், "இவனைக் கீழ காலேஜுக்கு அனுப்பு. ஸ்போர்ட்ஸ் கோட்டாவுல சீட்டு கிடைக்கும். நல்லா ஆடினா வேலையும் கிடைக்கும்."

கேரளாவுல காலேஜ் ஃபுட்பாலோட விலை என்னன்னு அன்னைக்குத்தான் எங்க வீட்ல முதல் தடவை பேசினாங்க. விலைன்னா ரூபாய் இல்லை, வேலை.

இது வெளியூர்க்காரங்களுக்குப் புரியுறது கஷ்டம். 1973 டிசம்பர்ல எர்ணாகுளத்துல, மகாராஜாஸ் காலேஜ் மைதானத்துல, கேரளா முதல் முறையா சந்தோஷ் டிராபி ஜெயிச்சது. ஃபைனல்ல ரயில்வேஸை 3-2ன்னு அடிச்சாங்க. மூணு கோலும் கேப்டன் மணி போட்டது. அவர் ஃபாக்ட் உரக் கம்பெனி டீம்ல ஆடினவர். அந்தக் காலத்துல ஃபாக்ட், பிரீமியர் டயர்ஸ், டைட்டானியம்னு கம்பெனிகள் டீம் வச்சிருந்தாங்க. அப்புறம் ஸ்டேட் பேங்க் ஆஃப் திருவாங்கூர், மின்வாரியம், கேரளா போலீஸ். இந்த டீம்களுக்கெல்லாம் ஆள் எங்கிருந்து வரும்? காலேஜ் மைதானத்துலருந்துதான் நிறையப் பேர். காலேஜ் டீம்ல ஆடி, யுனிவர்சிட்டி டீமுக்குத் தேர்வாகி, பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான போட்டியில ஆடிட்டா, அந்தச் சர்டிஃபிகேட் ஒரு சொத்துப் பத்திரம் மாதிரி. ஐ.எம். விஜயன் கதை எல்லாருக்கும் தெரியும். திருச்சூர் ஸ்டேடியத்துல சோடா வித்த பையன், பதினேழு வயசுல போலீஸ் டீமுக்குப் போனார். 1990-லயும் 1991-லயும் கேரளா போலீஸ் ஃபெடரேஷன் கப் ஜெயிச்சது. அந்த ரெண்டு வருஷமும் எங்க லயத்துல ஒவ்வொரு பையனும் தன்னை விஜயன்னுதான் நினைச்சுக்கிட்டான்.

இப்பவும் இந்தக் கணக்கு பெருசா மாறலை. விளையாட்டு வீரர்களுக்குன்னு கேரள அரசு வருஷத்துக்கு 50 வேலை ஒதுக்குது, எல்லா விளையாட்டுக்கும் சேர்த்து. 2018-ல கல்கத்தாவுல சந்தோஷ் டிராபி ஜெயிச்ச டீம்ல வேலையில்லாம இருந்த 11 பேருக்கு கல்வித்துறையில கிளார்க் வேலை குடுத்தாங்க. 2022 மே மாசம் மஞ்சேரிப் பக்கம் பையநாடு ஸ்டேடியத்துல பெங்காலை பெனால்டியில ஜெயிச்சப்போ ஆளுக்கு 5 லட்சம். கோச்சுங்க, மேனேஜர் எல்லாருக்கும் சேர்த்து மொத்தம் 1 கோடியே 14 லட்சம் ரூபாய். அந்தத் தடவை செமி ஃபைனல்ல மாத்து ஆட்டக்காரரா இறங்கி அஞ்சு கோல் போட்ட ஜெசின் மம்பாடு எம்.இ.எஸ். காலேஜ்லருந்து வந்த பையன். கேப்டன் ஜிஜோ ஜோசப் ஸ்டேட் பேங்க் ஊழியர். பாருங்க, ஒருத்தர் காலேஜ், ஒருத்தர் பேங்க். அதுதான் அந்த ஏணி.

அண்ணன் அந்த ஏணியில ஏறத்தான் கீழ இறங்கினார். பாலக்காட்டுக் கிழக்கே கொழிஞ்சாம்பாறைப் பக்கம் எங்க சித்தி வீடு. அதுவும் நம்ம மாதிரி எல்லை ஊர்தான். ஆபீஸ் மலையாளம், அடுப்பங்கரை தமிழ். மூணாறுலருந்து மறையூர், உடுமலை, பொள்ளாச்சி வழியா பஸ் மாறி மாறிப் போனா ஒரு நாள் ஓடிப்போயிடும். அங்க தங்கி ஒரு காலேஜ்ல பி.ஏ. பொருளாதாரம் சேர்ந்தார். ரெண்டாவது வருஷமே காலேஜ் டீம்ல நிரந்தர இடம். மூணாவது வருஷம் யுனிவர்சிட்டி கேம்ப்புக்கு அவர் பேர் போச்சு. 1995 ஜனவரியில கேம்ப்.

அந்த வருஷம்தான் நான் கோயம்புத்தூர்ப் பக்கம் இன்ஜினியரிங் சேர்ந்திருந்தேன். லயத்துலருந்து இன்ஜினியரிங் போன முதல் ஆளுன்னு எல்லாருக்கும் பெருமை. ஆனா பெருமையை வச்சு மெஸ் பில் கட்ட முடியுமா? அப்பா அம்மா ரெண்டு பேர் கூலியும் பி.எஃப். கடனும் அட்மிஷனோட தீர்ந்துபோச்சு. டிசம்பர்ல மெஸ் பாக்கி கட்டலைன்னா பரீட்சை எழுத விடமாட்டோம்னு நோட்டீஸ் போர்டுல என் பேரும் இருந்துச்சு. அம்மாவுக்கு லெட்டர் போட்டேன். அம்மா, சித்தி வீட்டுக்குச் சொல்லி அனுப்பினாங்க. பத்து நாள்ல அண்ணன்கிட்டருந்து மணியார்டர் வந்துச்சு. அடுத்த வாரம் இன்னொண்ணு. எங்கிருந்து வந்துச்சுன்னு நான் கேட்கலை. பதினெட்டு வயசு. கேட்கத் தோணலைன்னு சொல்றதைவிட, கேட்க வேண்டாம்னு இருந்துட்டேன்னு சொல்றதுதான் நேர்மை.

அப்புறம் தை மாசம் பொங்கலுக்கு ஊருக்குப் போனா அண்ணன் லயத்து வாசல்ல காலை நீட்டி உட்கார்ந்திருக்கார். முட்டியில பெரிய கட்டு. "காலேஜ் பிராக்டீஸ்ல விழுந்துட்டேண்டா. சரியாயிடும்"னார். சரியாகலை. கேம்ப்புக்குப் போகலை. யுனிவர்சிட்டி சர்டிஃபிகேட் வரலை. வேலையும் வரலை. டிகிரி மட்டும் வந்துச்சு. கொஞ்ச வருஷம் அங்க இங்க கணக்கு எழுதினார். அப்புறம் கடன் வாங்கி ஒரு ஜீப் எடுத்தார். இன்னைக்கு வரைக்கும் டூரிஸ்ட் ஜீப்தான். குளிர் காலத்துல கிளட்ச் மிதிக்கிறப்ப பல்லைக் கடிப்பார்.

உண்மை எனக்குத் தெரிஞ்சது 2003-ல. அமெரிக்கா கிளம்புறதுக்கு முன்னாடி சொல்லிட்டு வர சித்தி வீட்டுக்குப் போயிருந்தேன். சித்தி சோறு போட்டுக்கிட்டே சொன்னாங்க. "ஒங்க அண்ணன் காலை வித்துத்தானேடா நீ பரீட்சை எழுதுன."

பாலக்காடு, மலப்புறம் பக்கம் செவன்ஸ்னு ஒண்ணு உண்டு. தெரியாதவங்களுக்காக: ஒரு டீமுக்கு ஏழு பேர், சின்ன மைதானம், அறுவடை முடிஞ்ச வயலைச் சுத்தி மூங்கில் கேலரி, ராத்திரி லைட்டு, டிக்கெட் வச்சு ஆட்டம். நவம்பர்லருந்து மழை வர்ற வரைக்கும் சீசன். மண்ணார்க்காடு, செர்ப்புளசேரிப் பேர்லயெல்லாம் பெரிய டீம்கள் உண்டு. கானா, நைஜீரியா, ஐவரி கோஸ்ட்லருந்தெல்லாம் ஆட்கள் வந்து ஆடுவாங்க. 2018-ல வந்த 'சூடானி ஃப்ரம் நைஜீரியா' படம் பார்த்தவங்களுக்குப் புரியும். ஆனா அகில இந்திய ஃபுட்பால் சம்மேளனம் இதை அங்கீகரிக்கலை. அதனால பெரிய டீம், காலேஜ் டீம்ல இருக்குறவங்க சிலர் வேற பேர்ல இறங்குவாங்க. நம்ம அண்ணனும் வேற பேர்லதான் ஆடியிருக்கார். ஒரு மேட்சுக்கு 150 ரூபா, பெரிய மேட்சுன்னா 300, கூட பஸ் காசு, பிரியாணி. அம்மா நாலஞ்சு நாள் கொழுந்து கிள்ளினாத்தான் அந்த 150.

டிசம்பர்ல அஞ்சு மேட்ச் ஆடினாராம். அஞ்சாவதுல, பந்தைத் துரத்திட்டுப் போய்ச் சட்டுன்னு திரும்பினாராம். யாரும் இடிக்கலை. 'டப்'னு சத்தம்.

கமிட்டிக்காரங்க கையில 500 ரூபா குடுத்து பஸ் ஏத்தி விட்டாங்க. காலேஜ்ல கேட்டதுக்கு, "நம்ம மைதானத்துல நடந்ததில்லையே, நம்ம லிஸ்ட்ல அந்தப் பேரே இல்லையே"ன்னுட்டாங்க. அவங்க சொன்னது சட்டப்படி சரிதான். ஆபரேஷன்னா எர்ணாகுளம், கோயம்புத்தூர்னு போகணும். காசு கிடையாது. ஒரு வைத்தியர்கிட்ட உழிச்சில், அப்புறம் முட்டை வெள்ளைக்கரு வச்சுக் கட்டு. நார் கிழிஞ்சா கட்டுப் போட்டா ஒட்டாதுன்னு இன்னைக்கு என் பொண்ணுக்குக்கூடத் தெரியும்.

இதுல எனக்கு இன்னொண்ணு நெஞ்சுல குத்தும். அதுக்கு ரெண்டு வருஷம் முன்னாடி எங்க அப்பா கவ்வாத்துக் கத்தியில காலை வெட்டிக்கிட்டார். எஸ்டேட் ஆஸ்பத்திரியில வச்சுப் பார்த்தாங்க, வேலைக்குப் போகாத நாளுக்கும் காசு வந்துச்சு. ஏன்னா அவர் தொழிலாளி. அதுக்கு அப்ப 1923-ல வந்த நஷ்ட ஈட்டுச் சட்டம் இருந்துச்சு, 1951-ல வந்த தோட்டத் தொழிலாளர் சட்டம் இருந்துச்சு. ஒரே வீட்ல ரெண்டு கால். ஒண்ணுக்குச் சட்டம் இருந்துச்சு, இன்னொண்ணுக்கு இல்லை.

சரி, அமெரிக்காவுக்கு வருவோம்.

இங்க ஃபுட்பால்னா கையில பந்தை அணைச்சுக்கிட்டு ஓடுறது. அதுக்கு எதுக்கு அந்தப் பேருன்னு இருபத்தி ரெண்டு வருஷமா எனக்குப் புரியலை :-) ஆனா கணக்குப் புரியும். இங்க காலேஜ் டீமுக்கு விலை போடுறதுக்குன்னே ஆட்கள் இருக்காங்க. இண்டியானாவுல ரயன் புரூவர்னு ஒரு பேராசிரியர், இந்த டீம்களை வாங்க விற்க முடிஞ்சா என்ன விலை போகும்னு வரவு செலவை வச்சுக் கணக்குப் போட்டுக்கிட்டிருந்தார். வால் ஸ்ட்ரீட் ஜர்னல்ல வரும். 2017-ல அவர் கணக்குல ஓஹியோ ஸ்டேட் டீம் 150 கோடி டாலர். 2024 டிசம்பர்ல சி.என்.பி.சி. டிவி யுனிவர்சிட்டிகளோட மொத்த விளையாட்டுத் துறைக்கும் விலை போட்டப்ப ஓஹியோ ஸ்டேட்தான் முதல் இடம், 132 கோடி டாலர். நம்ம கணக்குல பதினோராயிரம் கோடி ரூபாய்க்கு மேல.

விக்கவே முடியாத பொருளுக்கு எப்படி விலை? டிக்கெட், டிவி உரிமை, சட்டை தொப்பி விற்பனை, பழைய மாணவங்க தர்ற நன்கொடை எல்லாத்தையும் கூட்டி, வருங்காலத்துல எவ்வளவு வரும்னு பார்த்துப் போடுற மதிப்பு. டிவிதான் பெரிய துண்டு. இந்த யுனிவர்சிட்டி இருக்குற பிக் டென் கூட்டமைப்பு 2022-ல மூணு டிவி கம்பெனியோட போட்ட ஏழு வருஷ ஒப்பந்தம் 700 கோடி டாலருக்கு மேல. அதுக்காக லாபம் கொட்டுதுன்னு நினைச்சுடாதீங்க. 2022-23ல ஓஹியோ ஸ்டேட் விளையாட்டுத் துறைக்கு வரவு ஏறக்குறைய 28 கோடி டாலர். அடுத்த வருஷமே 3 கோடியே 77 லட்சம் டாலர் துண்டு விழுந்துச்சு. நாட்டுல பெரும்பாலான காலேஜ்கள்ல விளையாட்டுத் துறை தன் செலவைத் தானே சம்பாதிக்கிறதே இல்லை. மாணவர் கட்டணத்துலருந்து எடுத்துப் போட்டு ஓட்டுறாங்க. மதிப்பு வேற, கையில நிக்கிற காசு வேற. நம்ம ஊர்ல நிலம் வச்சிருக்கிறவங்க எல்லாருக்கும் இது தெரியும்.

இவ்வளவு காசுல ஆடுற பையனுக்கு என்ன? ரொம்ப வருஷமா படிப்பு, சாப்பாடு, தங்க இடம், அவ்வளவுதான். சம்பளம் கிடையாது. ஏன் கிடையாதுன்னு தேடிப் படிச்சப்பதான் ஒரு கதை கிடைச்சது. அதைப் படிச்ச அன்னைக்குத்தான் இந்தப் பதிவு எழுதணும்னு தோணுச்சு.

1955-ல கொலராடோவுல ஃபோர்ட் லூயிஸ்னு ஒரு சின்ன காலேஜ். அதுல ரே டெனிசன்னு ஒருத்தர் ஆடினார். ஒரு மேட்ச்ல தலையில அடிபட்டு இறந்துட்டார். அவர் மனைவி, தொழிலாளிக்குக் கிடைக்கிற நஷ்ட ஈடு எங்களுக்கும் வேணும்னு கேஸ் போட்டாங்க. 1957-ல கொலராடோ உச்ச நீதிமன்றம் முடியாதுன்னுடுச்சு. அவர் தொழிலாளி இல்லை, காலேஜ் ஃபுட்பால் வியாபாரமும் பண்ணலைங்கிறது தீர்ப்போட சாரம். அந்தக் காலகட்டத்துலதான் என்.சி.ஏ.ஏ.ன்னு காலேஜ் விளையாட்டையெல்லாம் நடத்துற அமைப்பு 'ஸ்டூடண்ட் அத்லெட்'ங்கிற வார்த்தையைப் புழக்கத்துக்குக் கொண்டு வந்துச்சு. ஆடுறவனைத் தொழிலாளின்னு கோர்ட் சொல்லிடக்கூடாதுங்கிற பயத்துலதான் அந்த வார்த்தையையே உண்டாக்கினோம்னு, அப்ப அதுக்குத் தலைவரா இருந்த வால்டர் பையர்ஸ் 1995-ல தன் புத்தகத்துல அவரே எழுதிட்டார்.

ஒரு பேர். அவ்வளவுதான் வித்தியாசம். எங்க அப்பாவுக்குத் தொழிலாளின்னு பேர், அதனால காலுக்குக் காசு. எங்க அண்ணனுக்கு காலேஜ்ல மாணவன்னு பேர், வயல்ல யாரோ ஒருத்தன் பேர்.

இங்க நிலைமை மெல்ல மாறிடுச்சு. 2021-ல அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஆல்ஸ்டன் வழக்குல ஒன்பது நீதிபதியும் ஒரே குரலா என்.சி.ஏ.ஏ.வுக்கு எதிரா தீர்ப்புக் குடுத்தாங்க. அதே வருஷம் ஜூலையிலருந்து வீரர்கள் தங்கள் பேரையும் முகத்தையும் வச்சு விளம்பரத்துல சம்பாதிக்கலாம்னு ஆச்சு. 2025 ஜூன்ல ஹவுஸ் வழக்குச் சமரசம். பழைய வீரர்களுக்கு ஏறக்குறைய 280 கோடி டாலர், இனிமேல் ஒவ்வொரு காலேஜும் வீரர்களுக்கே நேரடியா பங்கு தரலாம், முதல் வருஷத்துல 2 கோடியே 5 லட்சம் டாலர் வரைக்கும். அதுலயும் பெரும்பங்கு ஃபுட்பால் பசங்களுக்குத்தான்.

இதுல என் பொண்ணு எங்க வர்றா? சொல்றேன்.

ஓஹியோ ஸ்டேட்ல 36 விளையாட்டுக்கு டீம் இருக்கு. சம்பாதிக்கிறது ஃபுட்பாலும் ஆண்கள் பேஸ்கட்பாலும்தான். மிச்சதுல அநேகமா எல்லாமே செலவு. படகுப் போட்டி, கத்திச்சண்டை, பெண்கள் சாக்கர் எல்லாம் அந்தக் காசுல ஓடுது. 1972-ல வந்த சட்டப்படி பெண்களுக்கும் சமமா வாய்ப்புக் குடுத்தாகணும். அதனால, என் பொண்ணுக்கு நாளைக்கு எந்த யுனிவர்சிட்டியிலாவது சாக்கர் ஸ்காலர்ஷிப் கிடைச்சா, அதைச் சம்பாதிச்சுக் குடுத்தது அவளுக்கு முன்னப்பின்ன தெரியாத, ஹெல்மெட் போட்டு மோதிக்கிட்ட ஏதோ ஒரு பையன்.

நம்ம தேசி அப்பா அம்மாக்கள் எல்லாரும் மாதிரி நானும் எக்ஸெல் ஷீட் போட்டு வச்சிருந்தேன். எந்த காலேஜ், எவ்வளவு ஃபீஸ், ஸ்காலர்ஷிப் கிடைச்சா எவ்வளவு மிச்சம். ஆபரேஷன் முடிஞ்ச அன்னைக்கு ராத்திரி, அவ தூங்கினதும், அந்த ஷீட்டைத் திறந்து பார்த்தேன். அப்பதான் உறைச்சுச்சு. இந்த மாதிரி ஒரு கணக்கு எனக்கு முன்னாடியே ஒரு தடவை போடப்பட்டிருக்கு. அப்பவும் ஆடினது வேற ஒருத்தன் கால். படிச்சது நான்.

பணம் திருப்பிக் குடுக்க நான் முயற்சி பண்ணாம இல்லை. வந்து ரெண்டாவது வருஷம், கோயம்புத்தூர்ல ஆபரேஷன் பண்ணிக்கோங்கண்ணேன்னு பணம் அனுப்பினேன். அவர் அதுல அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் பண்ணிட்டு, மிச்சத்துல லயத்து வீட்டுக்குப் பக்கத்துல சாமி கும்பிடுற இடத்துக்கு ஷெட்டுப் போட்டுட்டார். "இப்ப நான் யாரை டிரிபிள் பண்ணப் போறேன்? ஜீப் ஓட்ட இது போதும்டா"ன்னார். திட்டினேன். சிரிச்சார். அதுக்கப்புறம் அந்தப் பேச்சையே எடுக்க விடலை.

போன ஞாயிற்றுக்கிழமை வீடியோ கால். பொண்ணு தையல் போட்ட முட்டியைக் காட்டினா. பெரியப்பா வேட்டியை ஏத்தி அவர் முட்டியைக் காட்டினார். ஒண்ணு நேரா, தழும்போட. ஒண்ணு தழும்பே இல்லாம, வீங்கி, கோணலா. பொண்ணு அதையே பார்த்துக்கிட்டு இருந்தா. அவளுக்கு நான் இந்தக் கதையைச் சொல்லியிருந்தேன். தமிழ் அவளுக்கு அரைகுறை. ஆனா, "தேங்க்ஸ் பெரியப்பா"ன்னு மட்டும் சொன்னா. அவர், "எதுக்கும்மா?"ன்னு கேட்டார். அவளுக்குச் சொல்லத் தெரியலை. எனக்கும்.

அப்புறம் நான் அவர்கிட்ட இங்க நடக்குற கோடிக் கணக்கையெல்லாம் எடுத்து விட்டேன். பையனுங்களுக்கு இவ்வளவு வருது, டீமுக்கு இவ்வளவு மதிப்பு. எல்லாத்தையும் கேட்டுட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"அடிபட்டா யாருடா பார்க்குறா?"

அதையும் தேடிப் பார்த்துச் சொன்னேன். 2024 ஆகஸ்ட்லருந்து பெரிய காலேஜ்கள் எல்லாம், ஆட்டத்துல பட்ட அடிக்கு, படிப்பு முடிச்சுப் போன பிறகும் குறைஞ்சது ரெண்டு வருஷம் வைத்தியச் செலவைப் பார்க்கணும்னு விதி வந்திருக்குண்ணே.

"ம். அது நல்ல விஷயம்"னார். கொஞ்சம் யோசிச்சுட்டு, "இங்க நான் சாயங்காலம் பசங்களுக்குப் பந்து சொல்லிக் குடுக்குறேன்ல, பதினெட்டு இருபது பேர் வர்றானுங்க. இந்தத் தடவை பின்லே கப்புக்கு ரெண்டு பேர் எறங்குவானுங்க. அதுல நாலு பேர் கீழ செவன்ஸுக்கும் போறானுங்க. நான் போகாதன்னு சொன்னா கேப்பானுங்களா? நானே போனவன்தானே. என் ஜீப்புக்கு இன்சூரன்ஸ் இருக்கு. அதுல ஏர்ற டூரிஸ்ட்டுக்கு இருக்கு. இந்தப் பசங்களுக்கு ஒண்ணும் இல்லை. நீ எதாவது அனுப்பணும்னு நெனைச்சா அதைக் கட்டு."

இருபது வருஷமா என்கிட்ட எதுவும் கேட்காத மனுஷன் கேட்ட முதல் உதவி.

விசாரிச்சேன். குழுவா விபத்துக் காப்பீடு எடுத்தா ஆளுக்கு வருஷத்துக்குச் சில நூறு ரூபாய்தான். ஆனா அதோட நிறுத்தக்கூடாது. ஆட்டத்துல படுற அடி அதுல சேருமா, காசு வாங்கி ஆடுற செவன்ஸ் மேட்ச் சேருமா, முட்டி ஆபரேஷன் செலவு வருமா, இல்லை உயிர் போனா, கால் போனா மட்டும்தானா, எல்லாத்தையும் எழுத்துல வாங்கச் சொல்லியிருக்கேன். அப்படியே விபத்துக் காப்பீட்டோட ஒரு வைத்தியக் காப்பீடும் சேர்த்துப் பார்க்கச் சொல்லியிருக்கேன். விபத்துக் காப்பீடு மட்டும்னா, இருபது பேருக்கும் சேர்த்து ஒரு வருஷத்துக்கு, இங்க ஓஹியோ - மிச்சிகன் மேட்சுக்கு ஒரே ஒரு டிக்கெட் வாங்குற காசுகூட ஆகாது போலிருக்கு.

லிஸ்ட் அனுப்பச் சொன்னேன். நேத்து வாட்ஸப்பில் வந்துச்சு. நோட்டுப் பேப்பர்ல கையால எழுதி, ஜீப் பானெட் மேல வச்சுப் படம் எடுத்திருக்கார். பத்தொன்பது பேர், அப்பா பேர், பிறந்த தேதி, எஸ்டேட் டிவிஷன். மேல ஒரு வரி எழுதியிருந்தார்: 'எல்லாம் சொந்தப் பேரு. சரிபார்த்துட்டேன்.'

டிஸ்கி: இது சோகப் பதிவு இல்லைங்க. பொண்ணு வாக்கரைத் தூக்கிப் போட்டுட்டு நடக்க ஆரம்பிச்சுட்டா. உங்க ஊர்லயும் சாயங்காலம் பந்து ஆடுற பசங்க இருப்பாங்க. அடுத்த தடவை ஊருக்குப் போறப்ப ஜெர்சி, பந்து வாங்கிக் குடுக்குறதோட, அடிபட்டா யார் பார்க்குறாங்கன்னு ஒரு வார்த்தை கேட்டுட்டு வாங்க.